உதடுள்ள பூக்கள்: கொலோன் நகரும் சில தாவர உறவுகளும்

துளசியின் குடும்பத்துக்கு ஜேர்மன் மொழியில் வழங்கும் பெயர் 'லிப்பன்புளூற்லர்'. உதட்டுப் பூக்கள் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். துளசிப் பூவையோ தும்பைப் பூவையோ விரலிடுக்கில் பிடித்து உற்றுப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். அல்லிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகி, வாய்ப்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு உதடுகளாகப் பிரிந்து நிற்கும். கொலோன் நகரின் வேலியோரங்களில் வசந்தகாலத்தில் பூக்கும் 'ரவுப்நெசல்' என்ற பூண்டும் இதே சாயல்தான். இலையைப் பார்த்தால் காஞ்சோன்றி போலிருக்கும், தொட்டால் சொறியாது.

இந்தச் சாயல் எங்கிருந்து வந்தது? ஒரே சாயல் கொண்டவையெல்லாம் உறவா? உறவானவையெல்லாம் ஒரே மருந்தா? படிப்பறைக் கேள்விகளாகத் தோன்றினாலும் எம்மவர் வீடுகளுக்கு இவை அந்நியமானவை அல்ல. தடிமன் பிடித்தால் துளசி, கற்பூரவள்ளி. தலையிடிக்கு நொச்சி இலையில் ஆவி. இருமலுக்கு ஆடாதோடை என்று அறிந்திருந்த ஒரு தலைமுறை, அந்த இலைகள் முளைக்காத நாட்டில் வந்து சேர்ந்திருக்கின்றது. இங்குள்ள செடிகளில் தெரிந்த முகத்தைத் தேடுவது இயல்பு. முகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் கொலோன் நகரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையில் எமது நோக்கம்.

1. பறவை வடிவப் பூ

1248ஆம் ஆண்டு கொலோன் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டில் டொமினிக்கன் துறவியர் இந்நகரில் ஓர் உயர்கல்விக்கூடத்தை ஆரம்பித்தார்கள். அதற்குப் பொறுப்பாக வந்தவர் அல்பேர்ட்டுஸ் மக்னுஸ். தோமஸ் அக்குவைனாஸ் இங்கே இவரிடம் பாடம் கேட்டவர். 1280இல் கொலோனிலேயே காலமான அல்பேர்ட்டுஸின் உடல் பேராலயத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் புனித அந்திரேயா ஆலயத்தின் நிலவறையில் இருக்கின்றது. இன்றைய கொலோன் பல்கலைக்கழகத்தின் முன்றலும் இவர் பெயரையே தாங்கியிருக்கின்றது.

இறையியலாளராகவே அறியப்பட்ட இவர் தாவரங்கள் பற்றி ஏழு பகுதிகளில் ஒரு நூல் எழுதினார். அரிஸ்டோட்டில் எழுதியதாக அக்காலத்தில் நம்பப்பட்ட ஒரு தாவர நூலுக்கு விளக்கவுரையாகத் தொடங்கிய வேலை அது. (உண்மையில் அந்த மூலநூல் டமஸ்கஸ் நகரத்து நிக்கொலாஸ் என்பவருடையது. அரபு மொழி வழியாக இலத்தீனுக்கு வந்தது.) நூலின் ஆறாவது பகுதி செடி கொடிகளை அகரவரிசைப்படி நிறுத்தி, அவற்றின் மருத்துவக் குணங்களைச் சொல்கின்றது. பழைய நூல்களில் இருந்தவற்றைத் திருப்பி எழுதுவதோடு நில்லாமல் தான் நேரில் கண்டவற்றையும் அவர் சேர்த்துக்கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இது அபூர்வமான பழக்கம்.

பூக்களின் உருவத்தை அல்பேர்ட்டுஸ் மூன்றாக வகுத்தார்: பறவை வடிவம், கூம்பு அல்லது மணி வடிவம், நட்சத்திர வடிவம். நாம் வேலியோரத்தில் காணும் ரவுப்நெசல் முதலாவது வகைக்குள் வருகின்றது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அந்தப் பூ சிறகை உயர்த்திய பறவை போல இருப்பது உண்மைதான். பின்னாளில் தாவரவியலார் 'இருபக்கச் சமச்சீர்' என்று பெயரிட்ட தன்மையைத்தான் அவர் பறவை என்ற ஒரு சொல்லில் பிடித்தார். நட்சத்திரப் பூவை எந்தப் பக்கமாக வெட்டினாலும் இரண்டு பாதியும் ஒத்திருக்கும். பறவைப் பூவை நெடுக்காக ஒரே ஒரு கோட்டில்தான் அப்படி வெட்டலாம். அதற்கு மேல் உண்டு, கீழ் உண்டு, இடம் வலம் உண்டு. எம்முடைய முகத்தைப் போல.

பூவுக்கு ஏன் முகம் வேண்டும் என்ற கேள்வி மட்டும் அல்பேர்ட்டுஸின் காலத்தில் எழவில்லை. அது எழுவதற்கு இன்னும் ஐந்து நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

2. உதடு ஓர் இறங்குதுறை

தாவரங்களிலும் ஆண் பெண் உண்டு என்பதை 1694இல் ரியூபிங்கன் நகரில் கமெராரியுஸ் பரிசோதனை மூலம் காட்டினார். மகரந்தத்தைக் காவிச் செல்வதில் பூச்சிகளுக்குப் பங்குண்டு என்று 1761இல் கோல்றொய்ற்றர் எழுதினார். ஆனால் பூவின் உருவமே பூச்சியைக் கருதி அமைந்தது என்று முழுமையாகச் சொன்னவர் பேர்லினுக்கு அருகே ஸ்பாண்டாவ் நகரப் பாடசாலை அதிபராக இருந்த கிறிஸ்ரியான் கொன்றாட் ஸ்பிறெங்கல். 1787இல் காட்டு ஜெரானியம் பூவின் அடியில் இருந்த நுண்ணிய மயிர்களைக் கண்டு, இவை எதற்கு என்று கேட்டுத் தொடங்கிய அவருடைய தேடல் 1793இல் பெரிய நூலாக வெளிவந்தது. மயிர்கள் தேனை மழைநீரிலிருந்து காக்கின்றன. தேன் பூச்சிக்காக இருக்கின்றது. பூச்சி பூவுக்காக மகரந்தத்தைச் சுமக்கின்றது என்று ஒன்றிலிருந்து மற்றொன்றாக அவர் முன்னேறிச் சென்றார்.

நூலை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மகாகவி கேத்தேயும் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டே ஸ்பிறெங்கல் தன் அதிபர் பதவியையும் இழந்தார். டார்வின் அந்நூலை எடுத்துப் பேசிய பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. டார்வின் சொன்ன கூர்ப்புக் கொள்கையின் வெளிச்சத்தில் பூக்களையும் பூச்சிகளையும் சேர்த்துப் படித்தவர்களில் ஒருவர் ஹேர்மன் மியுல்லர். கொலோன் இன்று அடங்கியிருக்கும் இதே மாநிலத்தின் லிப்ஸ்ராட் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் அவர். 1873இல் வெளிவந்த அவருடைய நூல் எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகின்றது என்பதை மிகுந்த பொறுமையோடு பதிவு செய்தது. பத்தாண்டுகளின் பின் வந்த ஆங்கிலப் பதிப்புக்கு டார்வினே முன்னுரை எழுதிக் கொடுத்திருந்தார்.

இவர்கள் விளக்கிய பின் உதட்டுப் பூ ஒரு பொறியாகத் தெரியத் தொடங்கியது. கீழுதடு தேனீ வந்து இறங்கும் துறை. மேலுதடு கேசரங்களை மழையில் நனையாமல் மூடும் கூரை. துளசியின் உறவினரான சல்வியாப் பூவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றது. தேனீ தலையை உள்ளே நுழைத்து ஒரு தகட்டை முட்ட, துலாவைப் போலக் கேசரம் சரிந்து வந்து அதன் முதுகில் மகரந்தத்தைத் தட்டிவிடும். தேனீ எந்தப் பக்கமாக வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், அதன் உடம்பில் எந்த இடத்தில் மகரந்தம் படவேண்டும் என்பதெல்லாம் பூவின் உருவத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. ஆகவே பூவின் முகம் எமக்காக வரையப்பட்டதல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேனீக்கள் தெரிந்தெடுத்து வரைந்த முகம் அது.

3. தேனீயின் பெயர் கொண்ட இலை

மருந்துக்கு நாம் பெரும்பாலும் பூவைத் தேடுவதில்லை, இலையைத்தான் தேடுகின்றோம். கொலோன் நகரில் இலையின் வரலாறு ஒரு பெண்ணோடு சம்பந்தப்பட்டது.

மரியா கிளெமென்ரீன மார்ட்டின் 1775இல் பிறசல்ஸ் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே கோஸ்பெல்ட் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1803இல் ஜேர்மன் நிலங்களில் மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் சொத்துகள் அரசுகளின் கைக்குப் போனபோது அவருடைய மடமும் போயிற்று. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு நிலையான இருப்பிடம் இல்லை. 1815 வாட்டர்லூப் போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்ததற்காகப் பிரஷ்ய அரசர் அவருக்கு ஒரு சிறு ஓய்வூதியம் வழங்கினார். 1825இல், ஐம்பது வயதில், கொலோனுக்கு வந்து பேராலயத்தின் அருகே குடியேறினார். அவரிடம் எஞ்சியிருந்த முதல், மடத்தில் கற்ற வடிநீர் தயாரிக்கும் கைத்தேர்ச்சி. 1826இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். 1829இல் தன் பொருளில் பிரஷ்ய இராச்சியச் சின்னத்தைப் பொறிக்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டார். 1843இல் இந்நகரிலேயே இறந்தார். அவர் விற்ற வடிநீர் 'குளோஸ்ரபிறாவ் மெலிசன்கைஸ்ற்' என்ற பெயரில் இன்றும் ஜேர்மன் மருந்துக்கடைகளில், மூன்று கன்னியரின் படத்தோடு விற்பனையாகின்றது.

நாட்டிழந்து அலைந்தவர்களின் கதைகளில் நாம் எப்போதும் பறிகொடுத்தவற்றையே எண்ணிப் பார்க்கின்றோம். பறிக்க முடியாதது கையில் இருக்கும் அறிவு என்பதற்கு இந்தப் பெண் ஓர் உதாரணம்.

மெலிசன்கைஸ்ற்றில் பதின்மூன்று மூலிகைகள் சேர்கின்றன. தலைமை வகிப்பது மெலிசா என்னும் எலுமிச்சை மணம் கொண்ட இலை. மற்றவற்றில் இஞ்சி, சித்தரத்தை, ஏலம், மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவாப்பட்டை என்று எமது அடுக்களையும் சரக்குப் பெட்டியும் பாதிக்கு மேல் இருக்கின்றன. இஞ்சி, சித்தரத்தை, ஏலம் மூன்றும் ஒரே குடும்பம் என்பதையும் கவனிக்கலாம். (இதில் மதுசாரம் 79 வீதம். துளித் துளியாக நீரில் கலந்து பாவிக்க வேண்டியது, பிள்ளைகளுக்குரியதல்ல.)

மெலிசா என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தேனீ என்று பொருள். தேனீ வளர்ப்போர் இவ்விலையைக் கூட்டில் தேய்த்துத் தேனீக்களை வரவழைப்பது பண்டைய உரோமர் காலம் முதல் இருந்து வரும் வழக்கம். இதன் காரணம் இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. வேலைக்காரத் தேனீ தன் கூட்டத்தாரைக் கூப்பிட வயிற்றின் நுனியிலுள்ள ஒரு சுரப்பியைத் திறந்து மணத்தை விசிறுகின்றது. சிற்றால், ஜெரானியோல் முதலிய பொருட்கள் அதில் இருக்கின்றன. மெலிசா இலையின் எலுமிச்சை மணத்துக்கும் சிற்றால்தான் பெரும் காரணம்.

இங்கே நிதானிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பூவுக்கும் இலைக்கும் வேலை வேறு. பூ பூச்சியை அழைக்க வேண்டும். இலை தன்னைத் தின்ன வருவதை விரட்ட வேண்டும். துளசி, புதினா, கற்பூரவள்ளி, மெலிசா ஆகியவற்றின் இலைகளில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்கள் எண்ணெயைச் சேர்த்து வைத்திருப்பது கடிக்க வரும் வாய்களுக்கு எதிராகவும் கிருமிகளுக்கு எதிராகவும்தான். நாம் மருந்து என்று சொல்வது பெரும்பாலும் செடி தன் பகைவருக்கென வைத்திருக்கும் ஆயுதத்தின் சிறு அளவு. ஒரே செடியில் நட்பின் வரலாறு பூவிலும் பகையின் வரலாறு இலையிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக வம்ச வரலாறு ஓடுகின்றது. அதை வாசிக்கும் வழியைத் தேடியவர்கள் நெடுங்காலம் பூவின் முகத்தையே நம்பியிருந்தார்கள்.

4. சிங்கவாய்ப் பூவும் வோகல்சாங் ஆய்வுகூடமும்

1753இல் லின்னேயஸ் தாவரங்களை வரிசைப்படுத்தியபோது இரண்டு நீண்ட கேசரங்களும் இரண்டு குட்டைக் கேசரங்களும் கொண்ட பூக்களை ஒரே வகுப்பில் சேர்த்தார். அந்த வகுப்பின் ஒரு பிரிவில் துளசி, மெலிசா போன்றவை. மற்றதில் ஐரோப்பியத் தோட்டங்களில் வளரும் 'லோவன்மவுல்', அதாவது சிங்கவாய்ப் பூவும் அதன் கூட்டத்தாரும். சிங்கவாய்ப் பூவுக்கும் உதடுகள் உண்டு. ஆனால் அவை மூடியிருக்கும். 'ஹும்மல்' எனப்படும் மயிரடர்ந்த பெரிய தேனீயின் பாரத்துக்குத்தான் அந்த வாய் திறக்கும். சிறிய பூச்சிகளுக்குக் கதவு அடைப்பு.

இந்த முகம் நிரந்தரமானதல்ல என்பதற்கான முதல் அறிகுறியும் லின்னேயஸின் கையிலேயே கிடைத்தது. 1742இல் ஸ்ரொக்ஹோம் அருகே ஒரு தீவில் மாணவர் ஒருவர் பறித்து வந்த செடி, இலையிலும் தண்டிலும் சிங்கவாய்ப் பூவின் உறவினரான லினாரியாவாகவே இருந்தது. பூவோ உதடில்லாமல், ஐந்து பக்கமும் ஒரே மாதிரியான நட்சத்திர வடிவில் இருந்தது. லின்னேயஸ் திகைத்து அதற்குப் 'பெலோரியா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்கு விகாரப் பிறவி என்று பொருள்.

இந்தப் புதிரை அவிழ்த்ததில் கொலோனுக்குப் பங்குண்டு. நகரின் மேற்குப் புறத்தில் வோகல்சாங் என்ற பகுதியில் மாக்ஸ் பிளாங்க் தாவர விருத்தி ஆய்வு நிறுவனம் இருக்கின்றது. 1928இல் பேர்லினுக்குக் கிழக்கே மியுன்ஷபெர்க் என்ற இடத்தில் எர்வின் பவுர் இதை நிறுவினார். போரின் பின் இடம் பெயர்ந்து, 1955இல் கொலோனுக்கு வந்து சேர்ந்தது. பவுர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த செடி சிங்கவாய்ப் பூ. அந்த மரபில் வந்த வோகல்சாங் ஆய்வாளர்கள், ஹைன்ஸ் செட்லர், ஹான்ஸ் சொம்மர், சுசன்னா ஸ்வார்ஸ்-சொம்மர் முதலியோர், 1990இல் 'டெபீசியன்ஸ்' என்ற பரம்பரையலகைப் பிரித்தெடுத்தார்கள். இது பழுதுபட்டால் அல்லி வரவேண்டிய இடத்தில் புல்லியும், கேசரம் வரவேண்டிய இடத்தில் சூலகமும் முளைக்கும். இதன் எழுத்துவரிசையில் ஒரு பகுதி மதுவத்திலும் (யீஸ்ற்) மனிதரிலும் உள்ள சில பரம்பரையலகுகளோடு ஒத்திருந்தது. சிங்கவாய்ப் பூவும் அதைப் பார்த்துக் கொண்டிருந்த ஆய்வாளரும் மிகப் பழைய பாட்டன் ஒருவரின் வாரிசுகள் என்பதற்கு அது ஒரு சாட்சி. தொடர்ந்து 1996இல் இங்கிலாந்தின் நொறிச் நகரில் என்றிக்கோ கோயனின் குழுவினர் பூவுக்கு மேல் கீழ் என்ற வேறுபாட்டைக் கொடுக்கும் 'சைக்குளோய்டியா' என்ற அலகைச் சிங்கவாய்ப் பூவில் பிரித்தெடுத்தனர். 1999இல் லின்னேயஸின் பெலோரியாவில் அதே அலகு எழுத்து மாறாமலே வாயடைக்கப்பட்டுக் கிடப்பதும் தெரிய வந்தது. ஓர் அலகு மௌனமானால் உதடு போய்விடும். முகம் அவ்வளவு இலேசானது.

இந்த நிறுவனத்தின் வரலாற்றை விஞ்ஞானத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. சிங்கவாய்ப் பூவின் வம்சங்களைக் கணக்கிட்ட அதே எர்வின் பவுர், 1921இல் ஒய்கன் பிஷர், பிறிற்ஸ் லென்ஸ் ஆகியோருடன் சேர்ந்து மனிதப் பரம்பரையும் 'இனச் சுகாதாரமும்' பற்றிய நூலை எழுதினார். நாசிகளின் இனக்கொள்கைக்கு விஞ்ஞான முத்திரை கொடுத்த நூல்களில் அது முக்கியமானது. பவுர் 1933 டிசம்பரில் இறந்துபோனார். ஆனால் போர்க்காலத்தில் இதே நிறுவனம் இறப்பர் தரும் ஒரு செடியை விருத்தி செய்யும் வேலையில் எஸ்.எஸ். படையோடு ஒத்துழைத்தது. அவுஷ்விற்ஸ் முகாமின் கிளையான றைஸ்கோவில் அந்தச் செடியைப் பராமரித்தவர்கள் கைதிகளான பெண்கள். தாவரத்தின் வம்சத்தைப் படிப்பது ஒரு வேலை. அந்தக் கோலைக் கொண்டு மனிதரை அளப்பது இன்னொரு வேலை. முன்னதில் வல்லவர்கள் பின்னதில் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை இந்நாட்டில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

5. முகம் மாறியவர்கள்

1990களில் தாவரங்களின் உறவை முகத்தை விட்டு உயிரணுக்களுக்குள் உள்ள எழுத்துவரிசையில் தேடத் தொடங்கினார்கள். விளைவு, நூற்றாண்டுகளாக நிலைத்திருந்த குடும்பங்கள் சில பிரிந்தன, சில புதிதாக ஒன்றுகூடின.

எமக்குத் தெரிந்த இரண்டு மரங்களில் இருந்து தொடங்கலாம். நொச்சியையும் தேக்கையும் முன்னர் வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இன்று இரண்டும் துளசியின் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தும்பை எப்போதும் அங்கேதான் இருந்தது. இதைப் படித்தபோது எமக்குப் புறத்திணை நினைவுக்கு வந்தது. வெளிக்களத்தில் எதிரெதிர் நின்று பொருவோர் சூடியது தும்பை. மதிலுக்குள் நின்று ஊரைக் காப்போர் சூடியது நொச்சி. போரின் இரு நிலைகளுக்கு எம் முன்னோர் தெரிந்தெடுத்த இரு பூக்களும் ஒரே குடும்பத்தவை. இதை அவர்கள் அறிந்து செய்தார்கள் என்று பெருமை பேச இடமில்லை. திணை வகுத்தவர்கள் பார்த்தது பூவும் வாழ்வும் சேருமிடத்தை, வம்சத்தை அல்ல.

இதைவிட வியப்பானது சிங்கவாய்ப் பூவின் குடும்பத்துக்கு நேர்ந்தது. 2001இல் றிச்சார்ட் ஒல்ம்ஸ்ரெட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை ஒன்றாக எண்ணப்பட்ட அந்தப் பெருங்குடும்பம் உண்மையில் ஒரு குடும்பமே அல்ல, பல கிளைகளின் கலவை என்று காட்டினார்கள். உதடு ஒத்திருந்ததால் ஒன்றாகக் கட்டப்பட்ட கட்டு அவிழ்ந்தது. சிங்கவாய்ப் பூ 'வெகரிஷ்' எனப்படும் செடியின் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தது.

வெகரிஷைக் கொலோனில் வாழ்பவர்கள் தினமும் மிதித்துக்கொண்டு போகின்றார்கள். நடைபாதை ஓரத்தில், புல்வெளியில், நிலத்தோடு படிந்த இலைகளுக்கு நடுவே எலிவால் போல ஒரு கதிரை நீட்டிக்கொண்டிருக்கும். பூ இருப்பதே தெரியாது. உதடும் இல்லை, நிறமும் இல்லை, தேனும் இல்லை. ஏனென்றால் பெரும்பாலும் காற்றுத்தான் அதன் மகரந்தத்தைச் சுமக்கின்றது. தேனீயை விட்டுக் காற்றிடம் போன பிறகு முகத்தைப் பேணுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. உதட்டைக் கட்டியெழுப்பிய பரம்பரையலகுகளின் கூட்டு வெகரிஷ் கிளையில் படிப்படியாகக் குலைந்து போனதற்கான தடயங்கள் 2011இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டன. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் சந்தையில் கடை விரித்தவர். மற்றவர் கடையை மூடிவிட்டு வயலுக்குப் போனவர். உடையைப் பார்த்து அந்நியர் என்று சொல்லிவிட்டோம்.

இந்தக் குடும்பத்தில் எமக்குத் தெரிந்தவர்களும் இருக்கின்றார்கள். ஈரநிலத்தில் படரும் நீர்ப்பிரமி இதைச் சேர்ந்தது. மலச்சிக்கலுக்குப் பாவிக்கும் இசப்பகோல் வெகரிஷ் இனங்களுள் ஒன்றின் விதைதான். ஜேர்மன் மருந்துக்கடைகளில் இருமலுக்கு விற்கும் 'ஸ்பிற்ஸ்வெகரிஷ்' பாணியும் இங்கிருந்து வருவதே.

6. உறவும் மருந்தும்

ஆகவே உறவு தெரிந்தால் மருந்து தெரிந்துவிடுமா? மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன.

துளசி, கற்பூரவள்ளி, புதினா, மெலிசா, சல்வியா ஆகிய ஐந்தும் உதட்டுப் பூக் குடும்பத்தின் ஒரே கிளையில் இருப்பவை. வாசனை எண்ணெய்களும் றோஸ்மரினிக் அமிலம் என்ற பொருளும் இக்கிளையின் பொதுச் சொத்து. எமது வீடுகளில் துளசியும் கற்பூரவள்ளியும் செய்த வேலையை இந்நாட்டுப் பாட்டிமார் சல்வியா இலைத் தேநீரைக் கொண்டு தொண்டை நோவுக்குச் செய்து வந்தார்கள். இரு நாட்டுக் கைவைத்தியமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கிளையைத் தொட்டிருக்கின்றன. இங்கே உறவும் மருந்தும் கைகோத்துச் செல்கின்றன.

இரண்டாவது, உறவில்லாத இடத்தில் ஒரே மருந்து. நீர்ப்பிரமியும் வல்லாரையும் ஞாபகசக்திக்கென்று சொல்லப்படுபவை. இந்தியாவின் சில பகுதிகளில் இரண்டையும் பிரமி என்றே அழைக்கின்றார்கள். ஆனால் வல்லாரை கொத்தமல்லிக்கும் கரட்டுக்கும் உறவு. நீர்ப்பிரமி சிங்கவாய்ப் பூவுக்கு உறவு. பெயர் ஒன்று, பயன் ஒன்று, வம்சம் மிகத் தூரம். அவற்றுள் இருக்கும் பொருட்களும் ஒன்றல்ல.

மூன்றாவதுதான் அபாயமானது: உறவுண்டு, ஆனால் ஒன்று உணவு, மற்றது நஞ்சு. கொலோனுக்குக் கிழக்கேயுள்ள பெர்கிஷஸ் மலைக்காடுகளில் மரம் வெட்டிய வெளிகளில் ஊதா நிறத்தில் குலைகுலையாகப் பூக்கும் 'பிங்கர்ஹூற்' இதே வெகரிஷ் குடும்பத்தவர். 1785இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் மருத்துவர் வில்லியம் விதெரிங் இதன் இலையை நீர்க்கோவைக்குக் கொடுத்த அனுபவங்களை எழுதினார். நாட்டு வைத்தியப் பெண் ஒருத்தியின் குடும்ப மருந்தொன்றில் இருந்து அவர் கண்டுகொண்டது அது. இதய மருந்தான டிஜிற்றாலிஸ் பிறந்தது அங்கேதான். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பூக்காத பருவத்தில் இதன் இலையைப் 'பைன்வெல்' என்ற வேறொரு மூலிகையின் இலை என்றெண்ணித் தேநீர் வைத்துக் குடித்தவர்கள் உயிராபத்துக்குள்ளான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. காட்டில் இலை பறிக்கும் பழக்கமுள்ள எம்மவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். ஊரில் ஒரு செடியின் இலை, பூ, காய், வேர் நான்கையும் எல்லாப் பருவத்திலும் பார்த்துத்தான் பெயர் சொன்னோம். இங்கே ஓர் இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது அறிவல்ல, ஊகம்.

இந்த வரிசையில் கடைசியாக ஆடாதோடையைச் சொல்ல வேண்டும். உதடு கொண்ட வெள்ளைப் பூ. ஆனால் துளசிக் குடும்பமும் அல்ல, சிங்கவாய்க் குடும்பமும் அல்ல. இரண்டுக்கும் அயலிலுள்ள மூன்றாவது குடும்பம். 1888இல் உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் இதன் இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து வாசிசின் என்று பெயரிட்டார். அந்தப் பொருளின் அமைப்பை அடியாகக் கொண்டு, றைன் நதிக்கரையில் தலைமையகம் கொண்ட போயறிங்கர் இங்கல்ஹைம் என்ற ஜேர்மன் நிறுவனம் புறோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கி 1963இல் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதன் வழியில் வந்ததே அம்புறொக்சோல். பிள்ளைக்கு இருமல் என்று இங்குள்ள வைத்தியரிடம் போனால் எழுதித் தரும் பாணிகளில் பல இந்த வழியில் வந்தவைதான். ஆடாதோடை இங்கே முளைக்கவில்லை என்று நாம் வருந்தத் தேவையில்லை. அது எமக்கு முன்னரே இங்கு வந்து, வேறு பெயரில், போத்தலில் இருக்கின்றது. அதை இருமலுக்கென்று முதலில் கண்டுகொண்ட எத்தனையோ தலைமுறை வைத்தியரின் பெயர்தான் அந்தப் போத்தலில் இல்லை.

7. சாதியும் இனமும்

இலங்கையில் தமிழில் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: தாவரத்தின் விஞ்ஞானப் பெயரில் முற்பாதியைச் 'சாதி' என்றும் பிற்பாதியை 'இனம்' என்றும் பாடநூல்கள் மொழிபெயர்த்தன. சமூகத்தைக் கிழித்துப் போட்ட இரண்டு சொற்களை அப்படியே எடுத்துச் செடிகளுக்குச் சூட்டினோம். செடிகளில் பிரிவு இருப்பது போல மனிதரிலும் இருப்பது இயற்கை என்று எண்ணுவதற்கு அந்தச் சொற்கள் வழி திறந்து விட்டனவா என்று கேட்டுப் பார்ப்பது பிழையல்ல. பவுர் போன்றவர்கள் இந்நாட்டில் அந்த வழியாகத்தான் போனார்கள். கொலோனிலிருந்து அதிக தொலைவில்லாத சோலிங்கனில் 1993 மே மாதம் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பெண்களையும் சிறுமிகளையும் கொன்றவர்களின் மனதில் இருந்ததும் வம்சம் பற்றிய ஒரு கதைதான்.

தாவரங்களின் வம்சாவளி சொல்வது வேறு கதை. அதில் தூய்மை என்று ஒன்று கிடையாது. பிரிவும், பயணமும், புதிய துணைகளுமே உண்டு. தேனீயை விட்ட வெகரிஷ் காற்றோடு சேர்ந்து உலகத்தின் நடைபாதையெல்லாம் பரவியது. முகம் போனது, வம்சம் போகவில்லை. உறவு என்பது ஒன்றுபோல இருப்பதல்ல, ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தது என்பதை மட்டுமே சொல்வது.

எமது சமூகத்தில் இன்னும் மூலிகைப் பெயர்கள் தெரிந்த முதியவர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலை எமக்குண்டு. எழுதும்போது பெயரையும் நோயையும் மட்டும் எழுதினால் போதாது. பிரமி என்ற ஒரு பெயர் இரண்டு தூரத்துச் செடிகளைக் குறிப்பதைக் கண்டோம். எந்த ஊரில் எந்த நிலத்தில் முளைத்தது, இலை எதிரெதிராக நின்றதா மாறி மாறி நின்றதா, பூவுக்கு உதடு இருந்ததா, அதில் தேனீ வந்ததா வண்ணத்துப்பூச்சி வந்ததா, கசக்கினால் என்ன மணம் என்பதையெல்லாம் சேர்த்து எழுத வேண்டும். அல்பேர்ட்டுஸ் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இவ்வளவுதான்: தான் பார்த்ததை எழுதினார். அதனால்தான் வேலியோரத்து ரவுப்நெசலை இன்றும் நாம் அவருடைய நூலில் அடையாளம் காண முடிகின்றது.